சாந்து இல்லாத கல் வீட்டில் ஏழு இரவுகள்

"நெல் குதிருக்குள்ள படுத்திருக்கிற மாதிரி இருக்குடி" என்றார் அம்மா, முதல் நாள் இரவு. அவர் சொன்னது சரிதான். தலைக்கு மேலே உத்தரம் இல்லை, ஓடு இல்லை, தளமும் இல்லை. கல் வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போய், மேலே போகப் போகச் சுருக்கி, கடைசியில் ஒரே கல்லால் மூடிய கூம்பு. எங்கும் ஒரு கரண்டி சாந்து கிடையாது.

தெற்கு இத்தாலியின் பூலியா மாநிலத்தில், லோகொரொத்தொந்தோவுக்கும் சிஸ்தெர்னினோவுக்கும் நடுவே, வயல்வெளியில் இருந்தது அந்த வீடு. இந்த வகை வீட்டுக்கு ட்ருல்லோ என்று பெயர். பன்மையில் ட்ருல்லி. ஜூன் கடைசியில் ஏழு இரவு தங்கினோம்: நான், கணவர், பத்து வயது மகன், 68 வயது அம்மா. நாளுக்கு ஓர் ஊர் என்று ஓடுகிற பயணம் அம்மாவின் முழங்காலுக்கு ஒத்துவராது. அதனால்தான் ஒரே வீட்டில் தங்குவது என்று முடிவெடுத்தோம். நல்ல முடிவு. ஆனால் கல் வீட்டில் இருப்பதற்கென்று ஒரு பழக்கம் வேண்டும். அது எங்களுக்குப் பிடிபட மூன்று நாள் ஆனது. அடுத்துப் போகிறவர்களுக்கு அந்த மூன்று நாளாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டைக் கண்டுபிடிப்பது. பாரி விமான நிலையத்தில் கார் எடுத்தோம். லோகொரொத்தொந்தோ வரை நல்ல சாலை. ஊரைத் தாண்டி வயலுக்குள் திரும்பியதும் இரண்டு பக்கமும் இடுப்பளவு கல் சுவர், நடுவில் ஒரே ஒரு வண்டி போகிற அளவு பாதை. எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னாலேயே போக வேண்டும். முகவரியில் தெருப் பெயர் இருக்காது. 'கொந்த்ராதா' என்று ஒரு வட்டாரப் பெயரும் ஓர் எண்ணும்தான். கொந்த்ராதா என்பது வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் கொஞ்சம் வீடுகள். அந்தப் பெயரைப் போட்டுத் தேடினால் வரைபடம் எங்கோ ஒரு திராட்சைத் தோட்டத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். எங்களை நிறுத்தியது. வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே லொகேஷனும், வாசல் கேட்டின் படமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருவதுபோல விமானம் பாருங்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் நம் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதிச் சீட்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் வண்டிகளில் கியர் வண்டிதான் அதிகம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் சீக்கிரமே சொல்லிவைக்க வேண்டும்.

கேட்டில் வீட்டுக்காரம்மா காத்திருந்தார். அறுபது வயது இருக்கும். அவருடைய தாத்தா குடியிருந்த வீடு அது. அம்மாவைப் பார்த்ததும் "சிஞோரா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஏழு நாளும் அவர் இத்தாலியனில் பேச, அம்மா தமிழில் பதில் சொல்ல, இரண்டு பேருக்கும் பெரும்பாலும் புரிந்தது. புரியாத இடத்தில் என் போன் மொழிபெயர்த்தது. பாஸ்போர்ட்டுகளை வாங்கி விவரம் குறித்துக்கொண்டார். விருந்தினர் விவரத்தைப் போலீசுக்குத் தெரிவிப்பது அங்கே எல்லா வீட்டுக்காரர்களுக்கும் சட்டக் கடமை. தயங்காமல் கொடுங்கள். ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஊராட்சி வாங்கும் தங்கல் வரி தனி; பல இடங்களில் அதை நேரில்தான் கட்ட வேண்டியிருக்கும், சில்லறை யூரோ கையில் இருக்கட்டும். இன்னொன்று: 2025 முதல் இத்தாலியில் சுற்றுலா வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் தேசிய அடையாள எண் இருந்தாக வேண்டும். சுருக்கமாகச் 'சின்' என்பார்கள். விளம்பரத்தில் அந்த எண் இல்லாத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

"சாந்தே இல்லாம எப்படி நிக்குது?" என்று அம்மா முதல் நாளே கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் வீடு கட்டும்போது கொத்தனார் பக்கத்திலேயே நின்று பார்த்தவர். வீட்டுக்காரம்மா அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய், பாதி இடிந்து கிடந்த பழைய தொழுவத்தைக் காட்டினார். அங்கேதான் உள்வேலை தெரிந்தது. சுவர் இரண்டு தோல் கொண்டது. வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை, நடுவில் கல் சில்லும் மண்ணும். கூம்பில் ஒவ்வொரு வளையமும் கீழே உள்ளதைவிட விரற்கடை அளவு உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். வளையம் முழுதாக மூடியதும் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்ளும், அடுத்த வளையத்தின் பாரம் அதை இன்னும் இறுக்கும். அதற்கு வெளியே 'கியாங்கரெல்லே' என்கிற மெல்லிய சுண்ணாம்புக்கல் பலகைகள், வெளிப்பக்கமாகச் சரிவு கொடுத்து. மழை விழுந்தால் உள்ளே இறங்காமல் வழிந்தோட அந்தச் சரிவுதான் காரணம். அம்மா குனிந்து ஒரு பலகையை எடுத்துத் தட்டிப் பார்த்தார். ஓடு தட்டுகிற மாதிரி கணீரென்றது.

இத்தனை கல் எங்கிருந்து வந்தது? வீட்டின் அடியிலிருந்தே. அந்த மேட்டுநிலம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மண்வெட்டியை எங்கே வைத்தாலும் கல் இடிக்கும். மழை பெய்தால் பாறை இடுக்கு வழியே தண்ணீர் கீழே போய்விடும், மேலே ஓர் ஆறு கிடையாது. அதனால் வீடு கட்டுகிறவர்கள் முதலில் மழைநீர்த் தொட்டி தோண்டினார்கள். தோண்டி எடுத்த கல்லில் சுவர் எழுப்பினார்கள். கூரையில் விழும் மழையை வாய்க்கால் வெட்டி அதே தொட்டிக்குள் இறக்கினார்கள். தொட்டி கொடுத்த கல், கல் சேர்த்துக் கொடுக்கும் தண்ணீர். எத்தனையோ நல்ல கட்டடங்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு கணக்காகக் கட்டிய வீட்டை நான் பார்த்ததில்லை.

சாந்து போடாததற்கு ஒரு கதையும் சொல்வார்கள். ட்ருல்லி வீடுகள் நிறைந்த பக்கத்து அல்பெரொபெல்லோ ஊர், கொன்வெர்சானோ பிரபுக்களின் பிடியில் இருந்தது. புதுக் குடியிருப்பு உண்டானால் நேப்பிள்ஸ் அரசருக்கு வரி கட்ட வேண்டும். அதைத் தவிர்க்கத்தான், அதிகாரிகள் வந்தால் உடனே பிரித்துப் போடுகிற மாதிரி சாந்தில்லாமல் கட்டச் சொன்னார்களாம். 1797-ஆம் ஆண்டு மே மாதம் அரசர் நான்காம் ஃபெர்டினான்ட் அந்த ஊரைப் பிரபுவின் கையிலிருந்து விடுவித்தார். அதே ஆண்டு சாந்து வைத்துக் கட்டிய முதல் வீடான 'காசா தமோரே' இன்றும் ஊர் நடுவில் நிற்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சாந்து வைத்துச் சுவர் கட்ட உரிமை கிடைத்ததை ஓர் ஊரே கொண்டாடியிருக்கிறது.

இனி எங்கள் தவறுகள். முதல் தவறு ஜன்னல்.

வெளியே 35 டிகிரி வெயில். உள்ளே நுழைந்தால் மண்பானை வைத்த அறை மாதிரிக் குளிர்ச்சி. ஆனால் ஜன்னல்கள் சின்னவை. காற்றோட்டம் வேண்டுமே என்று காலை பத்து மணிக்கு எல்லா ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்துவிட்டு ஊர் சுற்றப் போனோம். திரும்பி வந்தால் தரை பிசுபிசுவென்று இருக்கிறது. சுவரில் கை வைத்தால் ஈரம். காயப்போட்ட துணி முந்தின நாளைவிட நனைந்திருக்கிறது. இரண்டாம் நாளும் அப்படியே செய்தோம், மெத்தையில் லேசாகப் பூசண வாடை வந்துவிட்டது. வீட்டைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று வீட்டுக்காரர்கள்மேல் எனக்குக் கோபம்.

வீட்டுக்காரம்மா வந்து பார்த்ததும் ஒன்றும் பேசாமல் ஜன்னல் ஒவ்வொன்றையும் சாத்தினார். பிறகு சமையலறையிலிருந்து குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் பாட்டிலைச் சுற்றி நீர் பூத்தது. அதைக் காட்டி, சுவரைக் காட்டினார். அவ்வளவுதான், விளங்கிவிட்டது. தெற்கிலிருந்து வரும் சூடான ஈரக் காற்றை நாங்களே உள்ளே விட்டோம். அது குளிர்ந்த கல்லைத் தொட்டதும் நீராகிவிட்டது. அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கே ஜன்னல், மரக்கதவு எல்லாம் மூடினோம். இரவு சாப்பிட்டு முடித்தபின், வெளியே வீட்டைவிடக் குளிர்ந்ததும் திறந்தோம். நான்காம் நாள் தரை காய்ந்தது, துணி காய்ந்தது, வாடையும் போனது. ஏசியைக் கையால் தொடவில்லை. குளிர்காலத்தில் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அப்போது இந்தக் கல் சூடேறவே ஓரிரு நாள் ஆகும். வெப்பமூட்டும் வசதி என்ன, நீங்கள் வருமுன்பே போட்டு வைப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையொட்டி அவர் சொன்ன இன்னொரு விஷயம், வீடு தேர்ந்தெடுக்கும்போது உதவும். அவருடைய அப்பா காலத்தில் சுவருக்கு உள்ளே சிமென்ட் பூசியிருக்கிறார்கள். கெட்டியாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான். கல்லுக்குள் இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சின் பின்னால் தேங்கி, உப்புப் பூத்து, சுவர் பொரிந்து கொட்டத் தொடங்கியது. வீட்டைப் புதுப்பித்தபோது இரண்டு குளிர்காலம் செலவழித்து அந்தச் சிமென்ட் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், விடும். நீங்கள் வீட்டுப் படங்களைப் பார்க்கும்போது சுவரின் அடிப்பக்கம் பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பூச்சு கொப்புளித்திருந்தால் அந்த வீடு இன்னும் ஈரத்தோடு மல்லுக்கட்டுகிறது என்று அர்த்தம். இந்தச் சாந்தில்லாக் கல்லடுக்கும் கலையை இத்தாலியும் வேறு ஏழு நாடுகளும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் 2018-இல் பதிவு செய்தன. அதைக் கையில் வைத்திருக்கும் கொத்தனார்களை 'ட்ருல்லாரோ' என்கிறார்கள். மூன்று வயல் தள்ளி ஒருவர் கூம்பைப் பிரித்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். என் மகன் தினமும் மாலையில் போய் நின்று பார்த்தான். அவர் சுத்தியலால் கல்லின் ஓரத்தை இரண்டு தட்டுத் தட்டி, வைத்து, திருப்பி, மறுபடி எடுத்து, வேறு கல் வைத்தார். அரை மணி நேரத்தில் ஐந்தாறு கல்தான்.

இரண்டாவது தவறு மின்சாரம். மூன்றாம் நாள் இரவு அம்மா இண்டக்‌ஷன் அடுப்பில் குழம்பு வைத்தார், கணவர் குளிக்க வெந்நீர் போட்டார், நான் துணி துவைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டேன். பட்டென்று இருட்டு. இத்தாலியில் பெரும்பாலான வீடுகளுக்கு 3 கிலோவாட்தான் இணைப்பு. அதைத் தாண்டினால் மீட்டரே அணைத்துவிடும். மீட்டர் பெட்டி வீட்டுக்குள் இல்லை. சாலையோரக் கல் தூணுக்குள் இருக்கிறது. வயல் இருட்டில், போன் வெளிச்சத்தில், அதைத் தேடிப் பிடித்து விசையை மேலே தள்ள இருபது நிமிடம் ஆனது. வந்த அன்றே மீட்டர் எங்கே என்று கேட்டுப் பார்த்துவிடுங்கள். அடுப்பு, கீசர், துவைக்கும் இயந்திரம் மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்று.

வயதானவர்களோடு போகிறவர்கள் குளியலறைப் படத்தைத் தனியாகக் கேளுங்கள். ட்ருல்லோவில் குளியலறை பிற்காலத்தில் சேர்த்ததாக இருக்கும், வாசல் தாழ்வாக இருக்கும், ஒரு படி இறங்கும். தரைக்கல் நூறு வருடக் கால்பட்டு வழவழவென்று தேய்ந்திருக்கும். நனைந்த காலோடு அம்மா ஒருமுறை சறுக்கினார், நல்லவேளை சுவரைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நாளே ஊரில் ரப்பர் அடி வைத்த செருப்பு வாங்கினோம். கட்டில்கள் சுவருக்குள் குடைந்த மாடங்களில் இருக்கும். உள்பக்கம் படுப்பவர் இரவில் எழுந்திருக்க வேண்டுமென்றால் மற்றவரைத் தாண்டித்தான் வர வேண்டும். சுவரின் பருமனால் வைஃபை ஓர் அறை தாண்டினால் கிடைக்காது. அங்கிருந்தே வேலை பார்க்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள்.

தண்ணீர் விஷயம் அம்மாவுக்கு உடனே பழகிவிட்டது. வயல் வீடுகள் பலவற்றுக்குக் குழாய் இணைப்பு இல்லை. லாரி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். லாரியைப் பார்த்ததும் "நம்ம மடிப்பாக்கம் மாதிரியே" என்றார் அம்மா. அந்தத் தண்ணீர் குளிக்க, பாத்திரம் கழுவ, குடிக்க அல்ல. குடிக்க பாட்டில் வாங்கலாம், அல்லது ஊருக்குள் இருக்கும் பொதுக் குழாயில் பிடித்துக்கொள்ளலாம். அந்தக் குழாய்களுக்காக முதலில் கொண்டுவந்தது மலைகளைத் தாண்டி கம்பானியா மாநிலத்திலிருந்து, சேலே ஆற்றின் ஊற்றுத் தண்ணீர். 1906-இல் தொடங்கிய வேலை, 1915-இல்தான் பாரி நகரத்துக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் இந்தப் பகுதி முழுக்கக் கூரை மழையை நம்பித்தான் வாழ்ந்தது.

பழைய மழைத்தொட்டியை வீட்டுக்காரம்மா இன்னும் தோட்டத்துக்காக வைத்திருக்கிறார். முற்றத்தில் ஒரு கல் மூடி. தூக்கினால் கீழே இருட்டு, சில்லென்று ஒரு மூச்சு. கூரையிலிருந்து வரும் வாய்க்கால் தொட்டிக்குள் இறங்கும் துளையில் துணி சுற்றிய ஒரு கல்லைச் செருகி வைத்திருந்தார். முதல் மழையில் கூரைத் தூசி, பறவை எச்சம் எல்லாம் வரும். அது வெளியே ஓடட்டும், கொஞ்ச நேரம் கழித்துக் கல்லை எடுத்துவிட வேண்டும். அம்மா அந்தக் கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அப்படியே செருகினார். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, அப்பா குழாய்க்காரரோடு நின்று இதையேதான் செய்தார். முதல் மழைக்குத் தனி அடைப்பு. அதைப் போனில் தட்டச்சு செய்து நான் மொழிபெயர்த்துக் காட்டியபோது வீட்டுக்காரம்மா அம்மாவின் தோளில் கை வைத்து வெகுநேரம் ஏதோ சொன்னார். போன் அதைச் சரியாகப் பிடிக்கவில்லை.

சாப்பாட்டுக்கு அம்மா கவலைப்பட்டார். அவர் சுத்த சைவம். ஆனால் இத்தாலியில் சைவர்களுக்கு இதைவிட நல்ல பகுதி இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். 'ஃபாவே எ சிகோரியா' என்று ஒரு பழைய குடியானவச் சாப்பாடு. தோல் நீக்கிய காய்ந்த ஃபாவா மொச்சையை ஊறவைத்து, உப்பு மட்டும் போட்டு, குழையக் குழைய வேகவைத்துக் கடைகிறார்கள். பக்கத்தில் கசப்பான சிகோரிக் கீரை, வெறும் உப்புத் தண்ணீரில் வெந்தது. மேலே பச்சை ஆலிவ் எண்ணெய், தாராளமாக. அம்மா ஒரு வாய் எடுத்ததும், "பருப்பும் கீரையும்தானே" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் காலி செய்தார். மறுநாள் வீட்டுக்காரம்மா வந்து அடுப்பருகே நின்று சொல்லிக்கொடுத்தார். மரக்கரண்டியால் ஒரே பக்கமாகக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், மொச்சை தானாகக் கரையும், இயந்திரத்தில் அரைத்தால் பசையாகிவிடும். ஒரு எச்சரிக்கை: ஜி6பிடி என்ற ரத்த நொதியில் குறைபாடு உள்ளவர்கள் இந்த மொச்சையைத் தொடவே கூடாது, ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். வீட்டில் யாருக்காவது இருந்தால் முன்பே நினைவில் வையுங்கள்.

கீரை போட்ட ஒரெக்கியெத்தே பாஸ்தாவில் நெத்திலி கரைத்திருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. "சென்சா கார்னே" என்று இறைச்சி வேண்டாமென்று மட்டும் சொன்னால் போதாது, "சென்சா அச்சூகே" என்றும் சொல்ல வேண்டும். பாலாடைக்கட்டி பலவற்றில் கன்றின் இரைப்பை நொதி சேரும். அம்மா அதையெல்லாம் விட்டுவிட்டார். அப்புறம் கடை நேரம். மதியம் ஒரு மணிக்குச் சாத்தினால் ஐந்து மணி வாக்கில்தான் திறக்கும், உணவகங்கள் இரவு ஏழரைக்கு முன் அடுப்பைப் பற்றவைக்காது. குழந்தைக்குப் பசிக்கும் நேரத்துக்கு ரொட்டியும் தக்காளியும் வீட்டில் இருக்க வேண்டும். தோட்டத்து அத்திமரத்தில் முதல் காய்ப்பு பழுத்திருந்தது, என் மகன் அதிலேயே பாதி வயிறு நிரப்பினான்.

அல்பெரொபெல்லோவுக்குக் காலை எட்டு மணிக்கே போங்கள். 1996 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும். மொந்தி பகுதி பெரும்பாலும் கடைகள். ஆயா பிக்கோலா பகுதியில் இன்னும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள், அங்கே மெதுவாக நடங்கள், குரலைத் தாழ்த்துங்கள், வாசலில் நின்று படம் எடுக்காதீர்கள். காரைப் பழைய ஊர்களுக்குள் கொண்டுபோக வேண்டாம், தடை மண்டலத்தில் கேமரா இருக்கும், அபராதம் பல மாதம் கழித்து வீடு தேடி வரும். நிறுத்துமிடத்தில் வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் நமக்கானதல்ல.

ஒருநாள் தெற்கே லெச்சே வரை போனோம். பிரிந்திசியைத் தாண்டியதும் ஆலிவ் தோப்புகள் சாம்பல் நிறமாகிவிட்டன. சைலெல்லா என்ற பாக்டீரியா, 2013-இல் அங்கே கண்டறிந்தார்கள். மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். கிளை முழுவதும் இலையில்லாமல், கிலோமீட்டர் கணக்கில் நிற்கின்றன. யாரும் காரில் பேசவில்லை. திரும்பி வந்ததும் அம்மா வீட்டு முற்றத்து ஆலிவ் மரத்தின் அடியில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அது பச்சையாகத்தான் இருந்தது.

கடைசி இரவு, குப்பையைப் பிரித்துக் கட்டி வைத்துவிட்டுப் படுத்தோம் (எந்த நாளில் எந்தப் பை என்று சுவரில் அட்டவணை இருக்கும், அதை மீறாதீர்கள்). இரண்டு மணி வாக்கில் இடி. பிறகு மழை, கோடை மழை, கொட்டித் தீர்த்தது. கூம்புக்குள் அந்தச் சத்தம் தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வெகுநேரம் கழித்து முற்றத்துக் கதவு திறக்கும் ஓசை கேட்டு எழுந்து பார்த்தேன். அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு, ரப்பர் செருப்போடு, வாய்க்காலருகே குனிந்திருந்தார். துணி சுற்றிய கல்லை உருவி எடுத்துத் திண்ணையில் வைத்தார். உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "தண்ணி தெளிஞ்சிருச்சு" என்றார். நாங்கள் இருவரும் விளக்கைப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். தரைக்கு அடியில் தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம், முதலில் ஆழத்திலிருந்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் வந்தது.